நூற்றெட்டு யாருக்கு

1

போன்களுக்கு எண் பிரித்த அன்று ஆலை அலுவலகத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். உத்திரமேரூர்ப் பக்கம் மூன்று தலைமுறையாக நெல் அரைக்கும் குடும்பத்தின் மூத்தவர் சடையப்பன். அவர் மகன் தினகரன். வாலாஜாபாத்திலிருந்து இன்டர்காம் வைக்க வந்த இம்ரான். நான்காவது ஆள் கிடையாது. தானும் இருந்ததாகச் சொல்லித் திரிகிறவன் பொய்யன்.

இதை எழுதுவதும் அதே சடையப்பன்தான். 'நான்' என்று தொடங்கினால் பேனா தன் பக்கமே சாய்கிறது. அதனால் 'அவர்'. ஊர் வாயை அடைக்கத்தான் எழுத உட்கார்ந்தார். அதையும் வாசகர் தெரிந்துகொள்ளட்டும்.

2

முதல் தொடக்கம்: 'ஊருக்கே நிழல் தந்த பெரியவர் சடையப்பன்—'

[அடித்தாயிற்று. அவர் நட்ட மரம் ஒன்றுகூட இல்லை.]

இரண்டாவது: இம்ரான் மேசைமேல் கோடு போட்ட தாளை விரித்தான். கேட், களம், குடோன் என்று எட்டுப் போன். உள்ளுக்குள் பேச 201 முதல் எண்கள். வெளியே பேச முதலில் சைபர்.

"என் ரூமுக்கு நூத்தியெட்டு போடு" என்றார் சடையப்பன். அந்தக் குடும்பத்து லாரி, கார் நம்பர் எல்லாம் நூற்றெட்டில்தான் முடியும். சாமி எண்.

"வாணாம் மொதலாளி. அது ஆம்புலன்ஸு நம்பரு. அவசரத்துல எவனாச்சும் சைபர் போடாம அமுக்கினான்னா ஒங்க ரூம்ல மணி அடிக்கும்."

"அடிக்கட்டுமே. இங்க எது நடந்தாலும் என் காதுக்குத்தான் மொதல்ல வரணும்."

"வரட்டும். ஒங்களுக்கு ஊசி போடத் தெரியுமா?" என்று இம்ரான் சிரித்தான்.

தினகரன் சிரிக்கவில்லை. "நைனா கேக்கறதப் போட்டுட்டுக் கெளம்பு."

[ஓரக்குறிப்பு: வேலையாட்களின் செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைப்பது சடையப்பன் போட்ட சட்டம். உள்ளே போனவர்களுக்கு அந்த எட்டுப் போன்தான்.]

3

ஆடியில் ஒரு மதியம், நெல் ஏற்றும் எலிவேட்டர் பெல்ட்டில் கூலிக்காரி செங்கேணியின் வலது கை மாட்டிக்கொண்டது. கூட வேலை செய்த அம்முலு களத்துப் போனுக்கு ஓடினாள். பக்கத்துச் சுவரில் ஒட்டிய தாளில் முதலில் சைபர் போடச் சொல்லி எழுதியிருந்தது. அந்த நேரத்தில் தாளை எவள் படிப்பாள்? தெரிந்த எண்ணை அமுக்கினாள்.

இங்கே கதைக்கு வழிகள் உண்டு.

சடையப்பன் திருப்புலிவனம் கோயிலுக்குப் போயிருந்தார். மணி வெறும் அறையில் அடித்தது. விசாரிக்க வந்தவர்களிடம் தினகரன் சொன்னது இதுதான். யார்மேலும் பழியில்லாத கதை, இம்ரான் ஒருவனைத் தவிர.

அல்லது, சடையப்பன் எடுத்தார், பதறி ஓடினார், செங்கேணியைத் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு— [தன் கார் சீட்டில் ரத்தம் பட அவர் விடுவார் என்று அவராலேயே நம்ப முடியவில்லை. கிழித்தாயிற்று.]

மூன்றாவது வழியில் சடையப்பன்—

நடந்தது இவ்வளவு: நெல் இறக்க வந்த லாரியில் செங்கேணியை ஏற்றிப் போனார்கள். மூன்று விரல் போயிற்று. இம்ரானை இப்போது எந்தக் கடையும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. போன வாரம் அவன் ஆலைக்கு வந்தான்.

"நான் தப்பாப் போட்டேன்னு ஊரே பேசிக்கினு கீது மொதலாளி. ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க."

"நைனா, கம்முனு இரு. நம்ம வூட்டு மானம் போயிடும்" என்றான் தினகரன்.

சடையப்பன் கம்மென்று இருந்தார். தன் குடும்பத்து மானத்தைக் காலமெல்லாம் கட்டிக் காத்தவர், அது அடுத்தவன் பிழைப்பைக் கெடுத்து ஒளிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மகன்மேல் அல்ல.

4

இந்தக் கதைக்கு முடிவு எழுத மாட்டேன். செங்கேணி வந்து எதிரில் நின்றால் என்ன கேட்பாள் என்பதை வாசகரே எழுதிக்கொள்ளட்டும். வதந்தியை மட்டும் திருத்தியாக வேண்டும்.

இம்ரான் எண்ணைத் தப்பாகப் போட்டான், மணி ஆளில்லாத அறையில் அடித்தது என்கிறார்கள். தவறு. அந்த எண்ணைக் கேட்டு வாங்கியது நான். அறையில் இருந்தேன். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"அண்ணா, வண்டி அனுப்பு, சீக்கிரம்!" என்றாள் அம்முலு.

"யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா?" என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

மறுபடி அடித்தது. எடுத்து, காதில் வைக்காமல், மேசைமேல் கிடத்தினேன்.