கத்துகிற பிரேக்

தையல்காரருக்கு உலகத்தில் ஒரே ஒரு வைத்தியம்தான் தெரியும். எது கிறீச்சிட்டாலும் அதற்கு ஒரு சொட்டு எண்ணெய். முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள், ஒன்று அவருக்கு, ஒன்று மனைவிக்கு. காலையில் பல் துலக்குகிறாரோ இல்லையோ, நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் குப்பியை எடுத்து இரண்டுக்கும் விட்ட பிறகுதான் மறுவேலை. கதவுக் கீல், ஜன்னல் கொக்கி, மேசை விசிறி எல்லாம் அந்தக் குப்பியின் தயவில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தன. இருபது வருடத்தில் இந்த வைத்தியம் ஒரு தடவைகூடக் கைவிட்டதில்லை. மோட்டார் சைக்கிள் பிரேக்கில்தான் அது காலை வாரிவிட்டது.

அந்த வண்டிக்கு அவர்கள் கல்யாணத்தைவிட வயது அதிகம். தைத்த சீருடைகளை மூட்டையாகக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு மனைவி பின்னால் உட்காருவாள். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவார்கள். போகிற வழியெல்லாம் அவர் காதுக்குப் பின்னால் அவள் பேசிக்கொண்டே வருவாள். காற்றில் பாதி காதில் விழாது, அவர் பாட்டுக்கு ‘ம்’ கொட்டுவார். வீட்டில் மெஷின் சத்தத்தில் பேச்சுக்கே இடமில்லை. அவர்கள் குடித்தனமே அந்த அரை மணி நேரத்தில்தான் நடந்தது என்று சொல்ல வேண்டும்.

இப்படி இருக்கையில் பிரேக் கத்த ஆரம்பித்தது. சாதாரணக் கத்தல் இல்லை. ‘உங்க வண்டி புண்ணியத்துல எங்க வீட்டுக்குக் கடிகாரமே வேண்டாம்’ என்று மாடி வீட்டுக்காரர் கேலி செய்தார். தையல்காரருக்கு மானம் போயிற்று. ஒரு காலையில் யாரும் பார்க்காதபோது பின்சக்கரத்து பிரேக்கில் குப்பியின் மூக்கை நுழைத்து ஒரு சொட்டு விட்டார். சரி, உண்மையைச் சொல்லிவிடுவோம், நாலைந்து சொட்டு இருக்கும்.

அன்றைக்கே, சரிவு முடிகிற திருப்பத்தில் பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கவில்லை. முன்பிரேக்கைப் பிடித்தார், அதுவும் கைவிரித்துவிட்டது. யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் போய் விழுந்தார்கள். சீருடை மூட்டையின் மேல் விழுந்ததால் தலை தப்பியது. அவருக்கு முழங்காலில் தோல் பெயர்ந்தது, அவளுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது.

பழைய வண்டி, தேய்ந்துபோன பிரேக் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். மனைவியிடமும் அதையேதான் சொன்னார். அதற்கு மேல் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கட்டுப் பிரித்த பிறகும் அவள் வண்டியில் ஏறவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனாள். பிரேக்கைச் சரி பண்ணிக் கூட்டிப் போகிறேன் என்றால், பஸ்ஸே வசதி என்று முகத்தைப் பார்க்காமல் சொல்வாள். தன்மேல் இருந்த நம்பிக்கை அவளுக்குப் போய்விட்டது என்று அவர் முடிவு கட்டினார். போகாமல் என்ன செய்யும் என்றும் நினைத்தார். இப்படியே இரண்டு மாதம் ஓடியது. எப்படியாவது பிரேக்கைப் புதிதாக்கி, அவளை மறுபடியும் பின்னால் உட்கார வைத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

மச்சினன் நல்ல மெக்கானிக். ஆனால் அவன் கையில் வண்டியைக் கொடுத்தால் எண்ணெய் சங்கதி பொழுது சாய்வதற்குள் அக்கா காதுக்குப் போய்விடும். வீட்டிலேயே பிரித்துப் பார்க்கிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆச்சரியம், அவளும் உடனே, தம்பிக்கிட்ட வேண்டாம், நீங்களே பாருங்கள் என்றாள். தப்பித்தோம் என்று அவர் பெருமூச்சு விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பழைய சாக்கை விரித்தார். புதிய பிரேக் கட்டைகள் இரண்டு ஜோடி, உப்புத்தாள், பெட்ரோல், துணி. கழற்றுகிற ஒவ்வொரு நட்டையும் கழற்றின வரிசையிலேயே வைத்து, பக்கத்தில் தையல் சுண்ணாம்பால் எண் போட்டார். சட்டை பிரித்துத் தைக்கிற பழக்கம் அது.

பின்சக்கரத்தைத் திறந்தார். எதிர்பார்த்த எண்ணெய் எதிர்பார்த்த இடத்தில் மினுமினுத்தது. கட்டைகள் உரசுகிற டிரம்மைப் பெட்ரோலால் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் குடித்த கட்டைகளைக் காகிதத்தில் சுற்றி மறைத்தார். புதிய கட்டைகளை உட்கார வைத்துச் சக்கரத்தை மாட்டினார். பாதிப் பாவம் கழிந்த மாதிரி இருந்தது.

பிறகு முன்சக்கரம். அதைக் கழற்றி பிரேக்கின் மூடித் தட்டை எடுத்ததும் கை நின்றுவிட்டது. உள்ளே எண்ணெய் குளமாக நின்றது. மூக்கருகே கொண்டுபோனார். சந்தேகமே இல்லை, அவர்கள் வீட்டு மெஷின் எண்ணெய்தான்.

மனைவி நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது எப்படி?” என்று அவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முன்னாடி நான் விடவே இல்லையே. பின்னாடி மட்டும்தானே விட்டேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

“பின்னாடி நீங்க விட்டீங்களா?” என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு மாதமாக மென்று விழுங்கியது வெளியே வந்துவிட்டது, இனி வருவது வரட்டும் என்று இருந்தார்.

அவள் வந்து சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“முன்னாடி நான் விட்டேங்க. மாடி வீட்டுக்காரர் உங்களைக் கேலி பண்ணினாருல்ல, எனக்குப் பொறுக்கல. நீங்க குளிக்கப் போனப்ப அரைக் குப்பி விட்டுட்டேன்.” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா? பின்னாடி உக்காந்தா உங்க முதுகுதானே கண்ணுக்கு முன்னாடி இருக்கும். அதைப் பாக்குற தைரியம் இல்ல. அதான் பஸ்ல போனேன்.”

அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவள் மணிக்கட்டைப் பார்த்ததும் கண் கலங்கியது. இரண்டு மாதம், ஒரே வீட்டில், ஒரே குற்றத்தை இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள்.

“உன் தம்பிக்கு இது தெரியக் கூடாது” என்றார்.

“செத்தாலும் சொல்ல மாட்டேன்” என்றாள்.

முன்கட்டைகளை மாட்டும்போது ஸ்பிரிங் அடம்பிடித்தது. இரண்டு முறை தெறித்து ஓடியது. அவள் உள்ளே போய்ப் பித்தான் தைக்கிற தடித்த நூலைக் கொண்டுவந்து நாலு மடிப்பாக வளையம் போட்டு, ஸ்பிரிங்கின் கொக்கியில் மாட்டி வலக்கையால் இழுத்தாள். அவர் கட்டையை அமுக்கிப் பிடித்தார். டக்கென்று போய் உட்கார்ந்தது. எண்ணெய்க் குப்பியை அன்றைக்கு இரண்டு பேருமே வாசல் பக்கம் கொண்டுவரவில்லை.

தெருவிலேயே நாலு நாள் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தார். ஐந்தாம் நாள் காலை அவள் மூட்டையோடு வந்து, பின்னால் ஏறி உட்கார்ந்தாள். சரிவு இறங்கும் வரையிலும் பேசவில்லை. அவர் தோளைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகிக்கொண்டே வந்தது. திருப்பத்தில் அவர் பிரேக்கை மிதித்தார்.

வண்டி நின்றது. அச்சு அசலாகப் பழைய கத்தல் கத்திக்கொண்டு, மணல் குவியலுக்கு ரொம்பத் தூரம் முன்னாலேயே நின்றது.

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. புதுக்கட்டை, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்ல வாயெடுத்தார்.

“கத்தட்டும் விடுங்க” என்றாள் அவள். “நிக்குதுல்ல?”

தோளில் பிடி தளர்ந்தது. அவர் வண்டியை எடுத்தார். இரண்டு மாதக் கதையையும் அவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அவர் ‘ம்’ கொட்டவில்லை, வேகத்தைக் குறைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார்.