நாற்பத்தெட்டு மணி நேரச் சீட்டு

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மெக்னஸ் கல்லூரியின் மாணவர் சேர்க்கைப் பிரிவின் உள்ளறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, மேசைக்குப் பின்னால் சுலைக்கா. அவளுக்கு எதிரே, கூரிப்காவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து மெக்னஸ் வந்து சேர்ந்திருந்த பஹீஜா, கைப்பை மடியில். கதவோரத்து நாற்காலியில் அவளுடைய தகப்பனார் ஷர்க்கி, ஜெல்லாபா அங்கிக்குள் ஒரு கையை நுழைத்து, வயிற்றுவலிக்காரர் மாதிரி குனிந்தபடி. முத்திரைப் பெட்டியை ஒட்டிய ஸ்டூலில் இத்ரீஸ். அந்த அறையின் முத்திரைகளும் தேநீரும் அவன் பொறுப்பு. யாராவது ஒரு காகிதத்தைத் தேடிக்கொண்டு வந்தால், முதலில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்று நோட்டில் குறித்துவிட்டுத்தான் சுலைக்கா அலமாரியைத் திறப்பாள். காகிதம் கிடைத்த பிறகும் கிடைக்காத பிறகும் ஆட்கள் மாற்றிப் பேசுவதை இருபத்தைந்து வருடமாகப் பார்த்தவள் அவள்.

பஹீஜாவுக்கு வேண்டியது அவளுடைய பாக். பள்ளியிறுதித் தேர்வில் தேறியதற்கான அசல் சான்றிதழ். கல்லூரியில் சேரும் நாளில் அதை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு ஒரு ரசீதைக் கையில் கொடுப்பார்கள். படிப்பை முடித்தாலோ, எழுதிக் கொடுத்து விலகினாலோதான் திரும்பக் கிடைக்கும். பஹீஜா இரண்டும் செய்யவில்லை. இரண்டாயிரத்து மூன்றில் சேர்ந்தாள். அடுத்த ஜூனில் பரீட்சைக்கு நுழைவுச்சீட்டு வாங்க வந்தபோது, வெளி ஜன்னலில் இருந்த யாரோ, "உன் கோப்பு முழுசா இல்ல, போ," என்று சொல்லிவிட்டார்கள். என்ன இல்லை என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஊருக்குப் போனாள். அந்த இலையுதிர் காலத்திலேயே கல்யாணம். இப்போது அவளுடைய மகள் வியாம் உள்ளூர்க் கல்லூரியில் இரண்டாம் வருடம். மகளின் வரலாற்று நோட்டுகளை அடுப்படியில் வைத்துப் படித்துப் படித்தே அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. அங்கே போய்க் கேட்டதற்கு, "நீங்க மெக்னஸ்ல இன்னும் மாணவிதான். அங்கேருந்து விலகல் கடிதமும் அசல் பாக்கும் வெள்ளிக்கிழமைக்குள்ள வரணும்," என்றார்கள். வெள்ளிக்கிழமையோடு சேர்க்கை முடிகிறது. அசல் தொலைந்திருந்தால் நகல் வாங்கவே மாதக்கணக்காகும்.

"அப்போ மகளுக்கு ஒரு வருஷம் ஜூனியரா?" என்றான் இத்ரீஸ், கிளாஸில் புதினாவை அமுக்கிக்கொண்டே.

"ஆமா. இப்பவே அதிகாரம் பண்றா. 'கடைசி பெஞ்சுல உக்காந்து அரட்டை அடிச்சேன்னா பார்த்துக்கோ'ங்கறா."

சுலைக்கா சிரித்தபடியே அலமாரிக்குப் போனாள். அந்த வருடத்துக் கோப்புகள் மேல்தட்டில், எண் வரிசையில், அவளே நாடா கட்டி அடுக்கியவை. மூன்று நிமிடத்தில் கோப்பு கையில் இருந்தது. பழைய மண்ணிறக் கோப்பு. ஓரம் கூட மடங்கவில்லை. அவளுக்கு ஒரு சின்னப் பெருமை எழுந்தது. மேசையில் வைத்து நாடாவை அவிழ்த்தாள். விண்ணப்பம் இருந்தது, பிறப்புப் பதிவு இருந்தது, நான்கு புகைப்படங்கள் இருந்தன. பாக் இருக்க வேண்டிய உறை காலி. உள்ளே இளஞ்சிவப்பில் ஒரு துண்டுச் சீட்டு.

அது என்ன சீட்டு என்று அவளுக்குப் படிக்காமலே தெரியும். அசலை நகலெடுக்க, முத்திரை வாங்க, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குத் தற்காலிகமாக எடுத்துப்போகலாம். அதற்கான சீட்டு. தேதி, பிப்ரவரி இரண்டாயிரத்து நான்கு. எடுத்துச் சென்றவர் என்ற இடத்தில் ஷர்க்கி என்ற பெயரும், பக்கத்தில் ஊதா மையில் ஒரு கட்டைவிரல் ரேகையும். மாணவி நேரில் வராமல் யாரிடமும் தரக்கூடாது என்பது அன்றைக்கும் விதிதான். கீழே, கொடுத்தவர் என்ற இடத்தில், சுருக்கமாக இரண்டு எழுத்துகள் கிறுக்கியிருந்தன. அந்தக் கிறுக்கல் சுலைக்காவுடையது.

அவள் சீட்டைப் பஹீஜாவின் பக்கம் திருப்பி வைத்தாள். ஒளிக்கலாம் என்று ஒரு கணம் கூடத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய்யாகும். தோன்றியது, ஆனால் அதற்குள் கை திருப்பி வைத்துவிட்டது.

பஹீஜா படித்தாள். திரும்பவும் படித்தாள். பிறகு கதவோரம் பார்த்து, "அப்பா?" என்றாள்.

ஷர்க்கி ஜெல்லாபாவுக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார். அதில் கூம்புச் சர்க்கரைக் கட்டியைச் சுற்றி விற்கும் நீலத்தாளில் பொதிந்த ஒரு பொட்டலம். எழுந்து வந்து மேசையின் ஓரத்தில் வைத்தார். போய் உட்கார்ந்துகொள்ளவில்லை.

"துணைக்கு வர்றேன், துணைக்கு வர்றேன்னு குதிச்சீங்களே, இதுக்குத்தானா?"

"பஸ்லயே சொல்லிரணும்னு நெனச்சேன். நீ தூங்கிட்ட." அவர் பெண்ணைப் பார்க்காமல் சுலைக்காவைப் பார்த்தார். "நீதானம்மா குடுத்த. பச்சை முக்காடு போட்டிருந்த. 'ரெண்டு நாள்ல கொண்டாந்துருங்க ஹாஜி'ன்னு சொன்ன. நான் அப்ப ஹாஜி இல்ல." சற்று நிறுத்தி, "இப்பவும் இல்ல," என்றார்.

இத்ரீஸ் சிரிப்பை அடக்கத் தேநீரைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பாஸ்பேட் சுரங்கத்துக் குடியிருப்பில், அவர்கள் வீட்டு வரிசையில், பாக் தேறிய முதல் ஆள் பஹீஜா. அதுவும் பெண். சுரங்கத்தில் யாரும் நம்பவில்லை. பெண்ணுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி, சீட்டில் ரேகை வைத்துச் சான்றிதழை வாங்கி, சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக் கீழே கொண்டுபோய்க் காட்டினார். முதல் ஷிப்ட் பார்த்தது. தங்களுக்குக் காட்டவில்லை என்று இரண்டாவது ஷிப்ட் கோபித்துக்கொண்டது. மச்சான் வீட்டில் ஒரு நாள். "ரெண்டு நாள் ஒரு வாரமாச்சு. ஒரு வாரம் ஆனதும் இங்க வரப் பயமாயிருச்சு. நீ அழுதுகிட்டு வந்தியே, அன்னைக்கே எனக்குத் தெரியும். எப்படிச் சொல்றது? அப்புறம் கல்யாணப் பேச்சு வந்துச்சு. சரி, எல்லாம் நல்லதுக்குன்னு விட்டுட்டேன்."

"இருபது வருஷம்பா."

"ஆமா."

பஹீஜா கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள். முற்றத்தில் புதுப் பிள்ளைகள் வரிசைக்குச் சண்டை போடும் சத்தம் கேட்டது. சுலைக்கா தன் பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் எழுந்து வெளியே போய்விட்டால் தடுக்கத் தனக்கு என்ன முகம் இருக்கிறது என்று நினைத்தாள். பஹீஜா எழவில்லை. நீலத்தாளைப் பிரித்தாள். சான்றிதழ் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது, ஒரு மூலையில் வெளிறிய சுரங்கத் தூசியில் பதிந்த விரல்தடம் தவிர. அவள் குனிந்து வாசித்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று சுலைக்கா கைக்குட்டையைத் தேடும்போதுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

"அப்பா, இதுல எனக்குப் போட்டிருக்கறதே 'பரவாயில்லை'ங்கற தரம்தான். இருக்கறதுலயே கடைசி. இதையா ஊர் பூராக் காட்டினீங்க?"

"எனக்குப் படிக்கத் தெரியுமா? முத்திரை பெருசா இருந்துச்சு."

இதற்குமேல் இத்ரீஸால் முடியவில்லை. அவன் சிரித்ததில் பஹீஜாவுக்கு இன்னும் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உக்காருங்க, கால் வலிக்கும்," என்றாள் தகப்பனிடம்.

வேலை முறைப்படி நடந்தாக வேண்டும். வெளியே போன காகிதம் முதலில் உள்ளே வர வேண்டும். உள்ளே வந்த பிறகுதான் நிரந்தரமாக வெளியே போகலாம். சுலைக்கா திரும்பப்பெறும் பதிவேட்டைத் திறந்து தேதி போட்டாள். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"காலியா விடுங்க மேடம். யார் பார்க்கப்போறாங்க?" என்றான் இத்ரீஸ்.

"எழுதும்மா," என்றார் ஷர்க்கி.

"நான் சொல்றேன், எழுதுங்க," என்றாள் பஹீஜா. யோசித்து, பரீட்சை விடை சொல்பவள் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "தகப்பனார் நாலு பேருக்குக் காட்ட எடுத்துப்போனார். காட்டி முடிய நாளாயிற்று."

சுலைக்கா அப்படியே எழுதினாள். கீழே தானாக ஒரு வரி சேர்த்தாள்: மாணவி வராமல் தந்தது என் தவறு. இம்முறை இரண்டெழுத்துக் கிறுக்கல் இல்லை, முழுப்பெயரையும் எழுதினாள். அதைப் பஹீஜா தலைகீழாகவே வாசித்தாள். பையிலிருந்து வழிக்குக் கொண்டுவந்த ரவை ரொட்டியை எடுத்து, பெரிய துண்டாகப் பிய்த்து அவள் முன் வைத்தாள்.

விலகல் கடிதத்துக்கு அச்சடித்த படிவம் உண்டு. சுலைக்கா அதைத் தள்ளிவைத்துக் கையாலேயே எழுதினாள்: சேர்ந்த நாள், மாணவி எண், அசல் இன்று உரியவரிடமே தரப்பட்டது, பரீட்சைக்கு வராததில் மாணவியின் பிழை எதுவும் இல்லை. இத்ரீஸ் முத்திரை குத்தி ஊதினான். கடிதம் இந்தக் கல்லூரியிலிருந்து அந்தக் கல்லூரிக்கு நேராகத் தபாலில்தான் போக வேண்டும். உறையில் இட்டு, மடிப்பில் பசை தடவியதும் ஷர்க்கி எழுந்து வந்து, "நான் அமுக்கட்டுமா?" என்று கேட்டார். கட்டைவிரலை மடிப்பின் மேல் வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, நிதானமாக அழுத்தினார்.

பஹீஜா சான்றிதழை நீலத்தாளில் பழைய மடிப்புகளிலேயே பொதிந்தாள். கைப்பையில் வைக்கப் போனவள் நிறுத்தி, தகப்பனிடம் நீட்டினாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நீங்களே வெச்சிருங்க. சரியா நாப்பத்தெட்டு மணி நேரம்."

அவர் இரண்டு கையாலும் வாங்கி ஜெல்லாபாவுக்குள் வைத்துக்கொண்டார். கீழே விரைவுத் தபாலின் மஞ்சள் வண்டி ஹாரன் அடித்தது. இத்ரீஸ் உறையோடு படிக்கட்டில் தடதடவென்று இறங்கினான். மூவரும் ஜன்னலோரம் வந்து நின்றார்கள். தபால்காரர் உறையை வாங்கி, பசை இன்னும் ஈரமோ என்னவோ, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பைக்குள் போட்டார்.