தலையில் ஒரு பருப்புப் பை

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனாலும் நாற்பத்தாறு வயதுவரை தரையில் எதையோ தொலைத்தவன் போலத்தான் நடந்துவந்தேன். முதலில் என் கழுத்து போகும். பின்னால் நான் போவேன்.

எங்கள் ஊரான கோர்னர் புரூக்கில், தேவாலயக் கூடத்தில் பிங்கோ விளையாட்டுக்கு எண் அறிவிப்பவர் ஓய்வுபெறும்வரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை. கூடம் நிறைய ஆட்கள் என் வாய்ச் சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது என் சிறுவயது ஆசை. எண் எழுதிய பந்துகளில் பிரெய்ல் புள்ளிகளை ஒட்டிக்கொண்டு போய் நின்றேன். மைக் இருந்தது. ஆனால் நான் குனிந்ததில் அது என் உச்சந்தலையைத்தான் ஒலிபரப்பியது.

கூடத்தின் தலைவி எஃபி அத்தை. காது மந்தம், உட்காருவதோ கடைசி வரிசையில்.

"எண்ணைச் சொல்றியா ராசா, இல்ல உன் தொப்புளுக்கு ரகசியம் சொல்றியா? ஆறு வாரம் தர்றேன். எனக்குக் கேட்டா வேலை உனக்கு."

கழுத்தை நிமிர்த்தப் போன இடத்தில் பிசியோதெரபிஸ்ட் நோரீன் என்னைச் சுவரோடு நிறுத்தினாள்.

"தாடையை உள்ள இழு கிளே. மூக்கைத் தூக்காத, மோப்பம் பிடிக்கிற மாதிரி இருக்கு."

"பின்னால விழப்போறேன்."

"விழ மாட்ட. இதுக்குப் பேருதான் நேரா நிக்கிறது."

ஐந்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். காலையில் பத்து, மாலையில் பத்து. கண்ணாடி பார்த்துத் திருத்திக்கொள்ள வழியில்லாததால், எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் பருப்பைக் கட்டி வேகவைக்கும் துணிப்பையில் காய்ந்த பட்டாணிப் பருப்பைக் கட்டி என் தலையில் வைத்தாள். குனிந்தால் விழும், விழுந்தால் கேட்கும்.

நான்காம் வாரம் பையோடு தேநீர் போட்டேன், மாடிப்படி ஏறினேன். பிரெய்லைத் தொட்டால் மட்டும் தொப்பென்று விழுந்தது.

"படிக்கிறது விரல்தானே? முகம் எதுக்குக் கீழ போகுது?" என்றாள் நோரீன்.

யோசித்தேன். ஒன்றாம் வகுப்பு ஆசிரியை 'வேலையைப் பார்த்துச் செய்' என்று சொல்லியிருந்தார். நானோ சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. நாற்பது வருடங்களாக, இல்லாத பார்வையால் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சிரித்த சிரிப்பில் பை மறுபடியும் விழுந்தது.

தேர்வு நாள், சனிக்கிழமை மதியம். முதல் பந்தை எடுத்ததுமே பழைய கழுத்து திரும்பி வந்தது.

"கேக்கல," என்றாள் எஃபி அத்தை.

கோட்டுப் பையிலிருந்து பருப்புப் பையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். கூடம் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, "ஜி ஐம்பத்திரண்டு" என்றேன். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. இன்னும் நாலு எண்கள் நிம்மதியாகப் போயின.

ஆறாவதில் பையின் முடிச்சு அவிழ்ந்தது. பருப்பு தோளில் கொட்டி மேடையெங்கும் உருண்டது. வெறும் துணி காதோரம் தொங்கியது. விரல் ஏற்கனவே அடுத்த பந்தின்மேல் இருந்தது. பின்னால் சுவர் இல்லை. இருப்பதாக வைத்துக்கொண்டு தாடையை உள்ளே இழுத்தேன்.

"ஓ அறுபத்தேழு."



"கத்தாத ராசா, நான் என்ன செவிடா?" என்றது கடைசி வரிசை. "அடுத்த சனிக்கிழமை ஒரு மணிக்கே வந்துடு. விளக்குமாறும் கொண்டு வா."