நாலாம் அறையில் விடுபட்ட அரை மணி

என் சகலையைப் பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் பிடித்துப்போகும். அவனிடம் எனக்குப் பிடிக்காத விஷயமே அதுதான். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிட வயதில் சின்னவன். இந்த மருந்துக் கிடங்கில் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். மனைவி நச்சரித்தாள், மாமியார் கண்ணைக் கசக்கினார், நானும் பெரிய மனசு பண்ணி மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னேன். வந்து ஆறு மாதம் ஆகவில்லை, "உங்க சகலை தங்கமான ஆளு சார்" என்று வாட்ச்மேனிலிருந்து லாரி டிரைவர் வரைக்கும் என்னிடமே வந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பத்து வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிறேன். என்னைப் பற்றி யாரும் யாரிடமும் இப்படிச் சொன்னதாகத் தகவல் இல்லை.

மாமியார் வீட்டிலும் இதே கதைதான். மோட்டார் ஓடவில்லையென்றால் சின்ன மாப்பிள்ளைக்குப் போன் போகும். அது தானாகவே ஓட ஆரம்பித்தாலும் சின்ன மாப்பிள்ளையின் கைராசி. நான் போய் நின்றால், "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க", அதோடு சரி. விருந்தாளிக்குச் சொல்வது மாதிரி.

"உங்களுக்கு வயித்தெரிச்சல்" என்பாள் மனைவி.

"எனக்கென்னடி வயித்தெரிச்சல்" என்பேன்.

வயிற்றெரிச்சல்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

கிடங்கில் ஆறு குளிர் அறைகள். அவற்றைக் கண்காணிக்க, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சந்து போன்ற அறையில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கதவு திறந்தால் ஒரு வரி, மூடினால் ஒரு வரி, குளிர் மெஷின் நின்றால் ஒரு வரி, யார் உள்ளே நுழைந்து என்ன கட்டளை கொடுத்தாலும் ஒரு வரி. எல்லாம் நேரத்தோடு பதிவாகும். அந்தக் கம்ப்யூட்டரில் எதையும் செய்யக்கூடிய முழு அதிகாரம், அதாவது ரூட் பாஸ்வேர்டு, எங்கள் இருவரிடம் மட்டும்தான். தொழில்நுட்பப் பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் நாற்காலி எங்களில் ஒருவருக்கு என்று பேச்சு. அந்த ஒருவர் யார் என்று கேட்டால் எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் நாலாம் அறை காலை வாரியது. செவ்வாய்க்கிழமை நான் லீவு. மனைவிக்குக் கண் பரிசோதனை. சகலை டியூட்டியில் இருந்தான். முற்பகலில் நாலாம் அறையின் குளிர் மெஷின் நின்று, உள்ளே இருந்த தடுப்பு மருந்து முழுவதும் வீணாகிவிட்டது. சகலை தன்னால் ஆனதையெல்லாம் செய்ததாகச் சொன்னான். பதிவை எடுத்துப் பார்த்தால், சரியாக அந்த அரை மணி நேரத்தைக் காணோம். முன்னால் 'கதவு திறந்தது' இருக்கிறது. பின்னால் 'வெப்பநிலை எல்லை மீறியது' இருக்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. தலைமை அலுவலகம் கணக்குப் போட்டுவிட்டது: இவன் எங்கேயோ போய் அரட்டை அடித்திருக்கிறான், அது தெரியாமல் இருக்கப் பதிவை அழித்திருக்கிறான். வெள்ளிக்கிழமைக்குள் வேறு விளக்கம் கிடைக்காவிட்டால் வேலை காலி.

மேனேஜர் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கதான் பாக்கணும். சொந்தக்காரர்ங்கறதால சங்கடமா இருந்தா சொல்லிடுங்க, வெளியில இருந்து ஆள் வரவழைக்கிறேன்."

"வேலைன்னு வந்துட்டா சகலை என்ன, சம்பந்தி என்ன மேடம்" என்றேன். முகத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு சோகமாக வைத்துக்கொண்டேன். உள்ளே குதித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலையில் அந்தச் சந்து அறைக்குள் போய் உட்கார்ந்தேன். முதலில் டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று பார்த்தேன். பாதிக்கு மேல் காலியாக இருந்தது. கடிகாரம் பின்னால் போயிருக்குமோ என்று பார்த்தேன், நொடி பிசகவில்லை. பழைய பதிவுக் கோப்பை மூடிப் புதியதைத் திறக்கும்போது வரிகள் தவறியிருக்குமோ என்று பார்த்தேன்; அந்த மாற்றம் ஞாயிற்றுக்கிழமையே ஒழுங்காக முடிந்திருந்தது. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க எனக்குச் சந்தோஷம் கூடியது. மிச்சம் இருப்பது ஒன்றுதான், பயல் அழித்திருக்கிறான்.

எங்கள் கிடங்கில் ஒரு பழக்கம் உண்டு. பதிவை யாரும் முழுசாகப் படிப்பதில்லை. குளிர் அறை நிரலின் பெயரைப் போட்டு வடிகட்டி, வந்த வரிகளை மட்டும் அச்செடுப்போம். மேனேஜருக்குப் போன அச்சும் அப்படி வடிகட்டியதுதான். சகலைக்கு எதிரான விஷயம் எதையும் தவறவிடக் கூடாது என்கிற ஆசையில், நான் வடிகட்டாமல் முழுப் பதிவையும் படித்தேன். காணாமல் போன அரை மணியின் விளிம்பில் வேறொரு பெயரில் ஒரு வரி தனியாகக் கிடந்தது. பதிவு எழுதும் நிரல் தன்னைப் பற்றியே எழுதிய வரி: அனுமதித்த அளவைவிட அதிகச் செய்திகள் வந்துவிட்டன, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை கைவிடப்பட்டன.

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் கம்ப்யூட்டரில் பதிவு இரண்டு இடத்தில் விழும். எல்லா வரியும் முதலில் ஜர்னல் என்கிற இடத்துக்கு வரும். அதிலிருந்து இன்னொரு நிரல் படித்து, நாங்கள் பார்க்கிற கோப்பில் எழுதும். அந்த இரண்டாவது நிரலுக்கு இவ்வளவு நேரத்தில் இவ்வளவு வரிதான் என்று ஓர் அளவு உண்டு. அதற்குமேல் வெள்ளமாக வந்தால் மிச்சத்தைக் கழித்துக்கட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். ஆக, யாரும் எதையும் அழிக்கவில்லை. கழித்துக்கட்டிய வரிகள் ஜர்னலில் இன்னும் அப்படியே இருக்க வேண்டும்.

முழு அதிகாரத்தோடு ஜர்னலிடம் அந்த அரை மணியைக் கேட்டேன். கொட்டியது. நாலாம் அறைக் கதவின் சென்சார் ஒயர் தளர்ந்து, திறந்தது மூடியது திறந்தது மூடியது என்று ஓயாமல் புலம்பியிருக்கிறது. வெள்ளம் அதுதான். அந்தப் புலம்பலுக்கு நடுவே, குளிர் மெஷின் நின்றதாக ஒரு வரி. அடுத்த நிமிஷமே சகலை உள்ளே நுழைந்திருக்கிறான். மெஷினைத் திரும்ப இயக்கியிருக்கிறான், தோல்வி. மறுபடி, தோல்வி. மாற்று மெஷினுக்குத் தாவியிருக்கிறான், அதுவும் கை கொடுக்கவில்லை. அபாய அறிவிப்பு, மறுபடி முயற்சி, மறுபடி தோல்வி. அந்த அரை மணி முழுவதும் பயல் ஒற்றை ஆளாக மல்லுக்கட்டியிருக்கிறான்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் ஆத்திரமாகவே இருந்தது. தப்பு செய்வதற்கென்றே ஒரு நாள் கையில் கிடைத்தும் இவன் தப்பு செய்யவில்லையே என்று.

கதவு தட்டப்பட்டது. எலக்ட்ரீஷியன், தோளில் ஒரு பேட்டரியோடு நின்றார்.

"சார், யூபிஎஸ் பேட்டரி மாத்தணும். கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிக்கலாமா?"

அது முன்பே முடிவான வேலை. ஆனால் எங்கள் ஜர்னல் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும். அதை டிஸ்கில் சேமிக்க யாரும் ஏற்பாடு செய்யவில்லை. கரண்ட் போனால் அதுவும் போச்சு. அந்த அரை மணியை ஒரு கோப்பில் நகலெடுக்க எனக்கு ஒரு கட்டளை போதும்.

"அவசரம் இல்ல சார்" என்றார் எலக்ட்ரீஷியன். "வேணும்னா சாப்பிட்டுட்டு வரேன்."

விரலை விசைப்பலகையில் வைத்துவிட்டேன். சத்தியமாக வைத்தேன்.

"சின்ன சார் இருந்தா அவரே எல்லாம் எடுத்து வச்சுட்டு ரெடியா இருப்பாரு" என்றார் அவர், பேட்டரியைத் தரையில் இறக்கிக்கொண்டே. "நல்ல மனுஷன். அவருக்குப் போயி இப்படி ஒரு கெட்ட பேரு."

"ஆஃப் பண்ணுங்க" என்றேன்.

திரை கறுத்தது. பத்து நிமிஷத்தில் பேட்டரி மாறிவிட்டது. கம்ப்யூட்டர் சமர்த்தாக எழுந்து புதிதாக எழுத ஆரம்பித்தது. மேனேஜர் அம்மாவிடம் போனேன்.

"பாத்துட்டேன் மேடம். அந்த அரை மணி பதிவு இல்ல."

"அழிச்சிருக்காங்களா?"

"உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது."

அவர் பெருமூச்சு விட்டு, சகலையின் பெயருக்கு எதிரே ஏதோ எழுதிக்கொண்டார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே மனைவி சொன்னாள். "தங்கச்சி போன் பண்ணினா. ரெண்டு நாளா அவர் சரியா சாப்பிடவே இல்லையாம். நீங்கதான் பாக்கப் போறீங்கன்னு தெரிஞ்ச பிறகுதான் ஒழுங்கா உட்கார்ந்து சாப்பிட்டாராம்."

"பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா?"

"ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்லதான். விடு."

அவள் கையில் இருந்த சட்டையை மடிக்காமல் என்னையே பார்த்தாள். பிறகு மடித்தாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை, நான் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, சகலை வந்து நின்றான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சட்டை மட்டும் வழக்கம்போல் கசங்காமல் இருந்தது. அந்த நிலைமையிலும் அது என் கண்ணை உறுத்தியது.

"உட்காரலாமா அண்ணே?" என்று கேட்டு உட்கார்ந்து, ஒரு கற்றைத் தாளை என் முன்னால் வைத்தான்.

முதல் தாளின் முதல் வரியைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை. நாலாம் அறை. கதவு திறந்தது, மூடியது, திறந்தது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"ஜர்னல்தான் அண்ணே. மெமரியில மட்டும் இருக்கே, கரண்ட் போனா போயிடுமேன்னு, என் டேபிளுக்குக் கீழ கிடக்கற பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு நகல் போற மாதிரி பண்ணி வச்சிருந்தேன். இங்க ஒரு வரி விழுந்தா அடுத்த நொடி அங்கயும் விழும். அப்பவே உங்களுக்கு மெயில் போட்டேனே."

போட்டிருப்பான். அவன் மெயில்களை நான் திறப்பதில்லை. அவன் அந்தக் கம்ப்யூட்டரில் செய்கிற மாற்றங்களையும் பார்ப்பதில்லை. பார்த்தால் பாராட்ட வேண்டி வருமே என்றுதான்.

"இவ்வளவும் வச்சுக்கிட்டு நீயே மேடம்கிட்ட குடுத்திருக்கலாமே தம்பி."

"நான் குடுத்தா, நானே உட்கார்ந்து டைப் அடிச்சதும்பாங்க. என் கம்ப்யூட்டர், என் நகல். யார் நம்புவா? நீங்க எடுத்துக் குடுத்தீங்கன்னாதான் நிக்கும். நீங்க எப்படியும் கண்டுபிடிச்சுடுவீங்கன்னுதான் இத்தனை நாள் வாயைத் திறக்கல." தாள்களின் ஓரத்தை ஒன்றாகத் தட்டி நேராக்கினான். "நீங்களே எடுத்ததா சொல்லிக் குடுத்துடுங்க அண்ணே."

குடுத்தேன். வேறென்ன செய்வது. மேனேஜர் அம்மா ஒவ்வொரு தாளாகப் படித்தார். இரண்டாவது நிரலின் அளவு, சென்சார் ஒயர், வெள்ளம் என்று நான் விளக்க விளக்க அவர் முகம் தெளிந்தது. நேற்று இல்லையென்று சொன்னீர்களே என்று கேட்டார். நேற்று வேறு இடத்தில் தேடினேன் என்றேன். தலைமை அலுவலகத்துக்கு உடனே போன் போட்டார். சகலையின் வேலை தப்பியது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "சொந்தக்காரர்னு ஒரு பக்கமும் சாயாம, விடாம தேடிக் கண்டுபிடிச்சிருக்கீங்க. அந்த நாற்காலிக்கு இந்த குணம்தான் வேணும்" என்றார். மதியத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. தொழில்நுட்பப் பிரிவுக்கு நான்தான் தலைவர். வாட்ச்மேன்கூட எழுந்து நின்று கை கொடுத்தார்.

நடையில் சகலையைப் பிடித்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"தம்பி, அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு இங்க விழற எல்லா வரியும் போகுமா?"

"எல்லாமே போகும் அண்ணே."

"நேத்து விழுந்ததும்?"

முழு அதிகாரத்தோடு யார் எந்தக் கட்டளை கொடுத்தாலும், கொடுத்தவர் பெயர், நேரம், கேட்டது என்ன என்பதோடு அதே ஜர்னலில் ஒரு வரி விழும்; அந்த வரி மட்டும் கோப்புக்குப் போகாது, ஜர்னலோடு நின்றுவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் இதைச் சொல்லிக்கொடுப்பேன். மற்ற வரிகளோடு அதுவும் கரண்டோடு போய்விட்டது என்றுதான் நேற்று மதியம் நிம்மதியாக இருந்தேன்.

அவன் நடையின் இரண்டு பக்கமும் ஒரு முறை பார்த்துக்கொண்டான்.

"பேட்டரி மாத்தறதுக்கு முன்னாடி ஒரு வரி வந்திருந்துச்சு அண்ணே" என்றான். "செவ்வாய்க்கிழமை அரை மணியை எடுத்துப் பாத்ததா. அதை மட்டும் நான் அச்செடுக்கல."

அவன் பையில் போன் அடித்தது. என் கொழுந்தியாள். "ஒண்ணும் ஆகல, அழாத" என்றான் அவன். "அண்ணன் கண்டுபிடிச்சுட்டாரு. ஆமா, அவரேதான். அவர் இல்லன்னா இன்னிக்கு என் வேலை போயிருக்கும். அம்மாகிட்டயும் சொல்லிடு." குரலில் ஒரு பிசிறு இல்லை. என்னைப் பார்த்து ஒரு முறை தலையாட்டிவிட்டு, பேசிக்கொண்டே படியிறங்கிப் போனான்.

நாற்காலி எனக்கு, பேர் எனக்கு, மாமியாரின் பாராட்டும் இன்னும் கொஞ்ச நேரத்தில் எனக்கு. அப்படியும் எனக்கு வயிறு எரிந்தது. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த ஒரு வரியைத்தான் முதலில் அச்செடுத்திருப்பேன்.