பெயரில்லாச் சங்கத்தின் பத்தாண்டு வரலாறு

1

என்னிடம் கேட்கப்பட்டது கதை அல்ல, இரண்டு பக்க வரலாறு. எங்கள் சங்கத்துக்குப் பத்து வருடம் நிறைகிறது. "ஆபீஸ்ல இருக்கிற ஆளு நீதான். எப்படித் தொடங்குச்சு, எப்படி வளந்துச்சுன்னு எழுதிக் குடு தம்பி" என்றார் செயலாளர் வேலுச்சாமி. ஆட்களின் பெயர் கூடாது, ஊர் கூடாது, சங்கத்தின் பெயரும் கூடாது. அச்சடிக்கப் போவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வாசித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடலாம்.

முதல் முயற்சி:

குவைத்தில், ஃபஹாஹீலில், பத்து ஆண்டுகளுக்கு முன்

ஊர் வந்துவிட்டது.* நிறுத்தினேன். இரண்டாம் முயற்சி:

ஏழு பேர் தங்கியிருந்த ஓர் அறையில், பாலா என்ற கொத்தனார் ஒரு நாள் காலை டூட்டிக்கு எழுந்திருக்கவில்லை.

பெயர் வந்துவிட்டது. ஆனால் இதை அடிக்கக் கை வரவில்லை. செத்தவனை இனி யார் என்ன செய்துவிட முடியும் என்று எண்ணினேன். அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்று அப்போது எனக்குத் தெரியாது.

(* ஃபஹாஹீல் என்று நான் எழுதியிருப்பதாலேயே அது ஃபஹாஹீல் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பஹ்ரைனின் ஈசா டவுனாக இருக்கலாம், துபாயின் கராமாவாகவும் இருக்கலாம். வேலுச்சாமியின் உண்மைப் பெயர் வேலுச்சாமி அல்ல.)

2

பாலாவின் உடல் முப்பத்தெட்டு நாள் பிணவறையில் கிடந்தது. கம்பெனியில் ஒரு தாள் வந்தால், விசாவுக்குப் பொறுப்பான உள்ளூர் முதலாளி கஃபீலிடம் இன்னொரு தாள் நின்றது. அறையில் மிச்சமிருந்த ஆறு பேரும் முறை வைத்து லீவு போட்டு அலைந்தார்கள். கடைசியில் பெட்டி தனியாகத் திருச்சிக்குப் போனது. அதை வாங்க வந்த பாலாவின் தம்பி, சரக்குக் கூடத்தில் நான்கு மணி நேரம் தனியாக நின்றானாம். வேலுச்சாமிக்கு அந்தத் தகவல் வந்தபோது அவர் சோற்றில் கை வைத்திருந்தார். அப்படியே கையை உதறிக்கொண்டு எழுந்து, "நம்ம ஆறு பேருக்குள்ள ஒரு ஏற்பாடு பண்ணிக்கிருவோம்" என்றார். அதுதான் தொடக்கம்.

ஏற்பாடு எளிமையானது. ஒருவர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் தரவேண்டும். பெட்டியோடு ஓர் ஆள் ஊர் வரைக்கும் போகவேண்டும். உறுப்பினர் தன் காலத்துக்குப் பிறகு யாரிடம் தரச்சொல்லி எழுதியிருக்கிறாரோ அவரிடம்தான் தரவேண்டும். ஏன் அவர் பெயரை எழுதினாய் என்று யாரும் கேட்கக் கூடாது.

ஆறு பேர் நாற்பதானார்கள். பக்கத்துக் கேம்ப்பிலிருந்து வெல்டர்கள் வந்தார்கள், பிறகு லாரி டிரைவர்கள், ஓட்டல்காரர்கள், யாழ்ப்பாணத்துப் பையன்கள். ரத்தம் வேண்டுமென்றால் ஒரு மணி நேரத்தில் பத்துப் பேர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார்கள். முதல்முறை ஊரைவிட்டு வந்து அழுகிறவனை யாராவது பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்வார்கள். பொங்கலை மூன்று கேம்ப் சமையல்கூடங்களில் தனித்தனியாக வைத்தோம், கூட்டம் சேரக்கூடாது என்பதற்காக. பதிவு செய்யாத சங்கம். அனுமதியில்லாமல் பணம் வசூலித்தால் ஜெயில், அப்புறம் நாடுகடத்தல். அதனால் வெள்ளிக்கிழமைகளில் காலி மைதானத்தில் மூன்று குச்சியை நட்டு, கையில் மட்டையோடு கூடிப் பேசினோம். போனில் கேட்பதென்றால், "இன்னைக்கு கிரிக்கெட் இருக்கா?"

போன மாதக் கணக்கில் அந்தக் கிரிக்கெட் அணியில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்.

3

[வரலாறு என்றால் இந்த இடத்தில் 'பெண்களும் ஆர்வத்துடன் இணைந்தனர்' என்று ஒரு வரி வரவேண்டும். எழுதினேன். பொய்யாக இருந்தது.]

நடந்தது இது. ஏழாவது வருடம் காளியம்மா வந்தாள். இலங்கையில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்துக்காரி. வீட்டு வேலைக்கு வந்தவள், அந்த வீட்டிலிருந்து ஓடிவந்துவிட்டாள். பாஸ்போர்ட் அவர்களிடம், இவள் மேல் ஓடிப்போன கேஸ். மகபூலாவில் ஒரு கட்டடத்தில் ஒளிந்து தங்கி, மாடிப்படி துடைத்துப் பிழைத்தாள்.

சேர்க்கலாமா என்று கமிட்டி மைதானத்தில் நின்று பேசியது. கலீலுர் ரஹ்மான், ஓட்டலில் கல்லாவில் இருப்பவர், நேராகவே சொன்னார்: "கேஸ் உள்ள ஆளைச் சேத்தா, ஒருத்தியைப் பிடிக்க வர்றவன் நம்ம அத்தனை பேரையும் அள்ளிட்டுப் போவான் பாய்."

காளியம்மா பிக்கப் வண்டிக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி வந்தாள்.

"உசுரோட இருக்கிறப்ப உங்கள ஒன்னும் கேக்க மாட்டேங்க. நான் செத்தப்புறம் கேஸ் யாரு மேல போடுவாங்க?"

கை தூக்கச் சொன்னார்கள். இரண்டு கை கூடுதலாக விழுந்ததால் அவள் உறுப்பினரானாள். என் கை அவளுக்கு எதிராக உயர்ந்தது. இதை வேறொருவர் மேல் போட்டு எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை.

4

இனி வேலுச்சாமியின் பக்கத்திலிருந்து.

இந்த வருடம் ஒரு புதன்கிழமை மதியம். அவருக்கு வேலை கிரேனுக்குக் கீழே நின்று ஆபரேட்டருக்குக் கை காட்டுவது. பைப் கட்டு பாதி உயரத்தில் தொங்கும்போது கம்பெனி மந்தூப் போன் செய்தான். போலீஸ், விசா அலுவல்களுக்கெல்லாம் அவன்தான் ஆள்.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு மக்ஃபர் போ. பத்தாக்கா எடுத்துக்க."

மக்ஃபர் என்றால் போலீஸ் ஸ்டேஷன். பத்தாக்கா அடையாள அட்டை.

"என்ன விஷயம் பாய்?"

"மாலும் நை" என்றான். தெரியாதாம்.

போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கையை உயர்த்தினார். கை நடுங்கியது. அந்த நடுக்கத்தை ஆபரேட்டர் 'இறக்கு' என்று புரிந்துகொண்டான். கட்டு கீழே நின்றவன் தலைக்கு ஒரு முழம் மேலே வந்து நின்றது. சைட் முழுவதும் கத்தியது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் காட்டிய முதல் தப்பான கை.

கேம்ப் பஸ்ஸில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சங்கத்தைப் பற்றிப் போலீஸில் சொன்னது யார்? புதிதாகச் சேர்ந்தவனா? கலீலுரா? இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் "என்னண்ணே, முகம் வாடிப் போச்சு?" என்று கேட்டதுகூட விசாரணை மாதிரி இருந்தது. கேம்ப் வாசலில் வெள்ளைக் கார் ஒன்று நின்றது. அது போகும்வரை கக்கூஸ் பக்கம் நின்று காத்திருந்தார்.

உறுப்பினர் பட்டியல் அவர் கட்டிலுக்கடியில், அரிசி மூட்டைக்குள் இருந்தது. இரண்டு பள்ளிக்கூட நோட்டுகள். அவ்வளவு பேரின் பெயரும், அவரவர் எழுதிக்கொடுத்த பெயரும். மனைவியை விட்டுவிட்டு அக்காவை எழுதியவன், வீட்டுக்கே தெரியாத இரண்டாவது பிள்ளையை எழுதியவன், 'எங்க ஊர்ப் பள்ளிவாசல்' என்று மட்டும் எழுதியவன்.

ஐந்து மணிக்கு எல்லோரும் மெஸ்ஸுக்குப் போனதும் நோட்டுகளைக் குளியலறைக்குக் கொண்டுபோய், சோப்புத்தூள் கரைத்த வாளியில் அமுக்கினார். தாள் ஊறியது, பேனா மை கரையவில்லை. பெயர்கள் தண்ணீருக்கடியில் தெளிவாகத் தெரிந்தன. கிழித்தார். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தார். பிடி பிடியாக அள்ளிக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். வெளியே யாரோ கதவைத் தட்டி, "அண்ணே, உடம்புக்கு முடியலையா?" என்றான்.

"ஆமாடா, வயிறு" என்றார். அப்போது அது பொய்யாகவும் இல்லை.

5

மக்ஃபரில் மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தார்கள். அதில் ஒரு சாவி, மடித்த ஒரு சீட்டு. சீட்டில் வேலுச்சாமியின் போன் நம்பர். பிறகு போனில் ஒரு படத்தைக் காட்டினார்கள். காளியம்மா. மாடிப்படியில் கிடந்திருக்கிறாள், மாரடைப்பு. கையில் வேறு தாள் எதுவும் இல்லை. யாரென்று தெரியுமா என்று இந்தி தெரிந்த சிப்பாய் கேட்டான்.

சங்கத்தைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

வேலுச்சாமி நிமிர்ந்து, "தெரியும். இவள் பெயர் காளியம்மா. இவளுக்கு நாங்கள் இருக்கிறோம்" என்றார்.

இதை நான் போனில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். வரலாற்றின் கடைசிப் பத்தியாக நன்றாக அமைந்துவிட்டது என்ற சந்தோஷம் எனக்கு.

"தம்பி. உங்கிட்டச் சொன்னப்ப அப்படித்தான் சொன்னேன். ஆனா அது அப்படி நடக்கலை."

"பின்ன?"

"மாஃபி மாலும்னு சொல்லிட்டேன். தெரியாதுன்னுட்டேன். நம்பரு எப்படி வந்துச்சுன்னு தெரியலைன்னேன். அஞ்சு நிமிசத்துல விட்டுட்டாங்க." "வெளிய வந்ததும் எனக்குப் பசிச்சுச்சுப்பா. ரெண்டு பரோட்டா வாங்கித் தின்னேன்."

அது நடந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அவள் இன்னும் பிணவறையில்தான் இருந்தாள். யாரும் கேட்டு வராவிட்டால் இங்கேயே எங்காவது புதைத்துவிடுவார்கள். அவள் யார் பெயரை எழுதிக்கொடுத்தாள் என்பதும் நோட்டோடு போய்விட்டது. மகள் பெயர்தான் என்று ஞாபகம், மகளின் பெயர் ஞாபகமில்லை. காளியம்மாவோடு தங்கியிருந்த மதுஷா, பார்லரில் வேலை செய்கிற பெண், தினமும் அவருக்குப் போன் செய்து, "காளியம்மாக்கா போன எடுக்கிறாங்க இல்லண்ணே, புடிச்சிட்டாங்களோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் "விசாரிக்கிறேம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"மறுபடி போகணும் தம்பி. முதல்ல ஏன் பொய் சொன்னேன்னு கேப்பான். தனியாப் போக முடியலை. நீ வாரியா?"

என் விசாவில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை, எழுத உட்கார்ந்தேன்.

முடிவு ஒன்று: வேலுச்சாமி தனியாகவே போகிறார். தைரியமான முடிவு. வேறொருவரின் தைரியம்.

முடிவு இரண்டு: மதுஷா போகிறாள். அவளிடம் நல்ல விசா இருக்கிறது. ஆனால் ஓடிவந்தவளுக்கு இத்தனை நாள் இடம் கொடுத்தது நீயா என்று

முடிவு மூன்று: பெயர் சொல்லாமல் இலங்கைத் தூதரகத்துக்கு ஒரு போன். இதை எழுதவில்லை, செய்தே பார்த்தேன். மரியாதையாகப் பேசினார்கள். அடையாளம் காட்ட யாராவது நேரில் வரவேண்டும் என்றார்கள். வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அவரிடமிருந்து மெசேஜ் வந்தது. 'நாளைக்கு லீவு சொல்லிட்டேன். நீ வந்தாலும் வராட்டியும் போறேன். வரலேன்னா தப்பா நினைக்க மாட்டேன்.'

நினைக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது.

6

நான் போனேன். அதற்கு முன் மனைவியிடம் எந்த ஃபைலில் என்ன இருக்கிறது, பிள்ளைகளின் பாஸ்போர்ட் எங்கே என்று காட்டினேன். அவள் வேறு சட்டை எடுத்துக்கொடுத்தாள், நல்ல சட்டையாக.

என்ன ஆயிற்று என்பதில் சொல்லக்கூடியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காளியம்மா பதினோரு நாள் கழித்து ஊர் போய்ச் சேர்ந்தாள். பெட்டியோடு மதுஷா போனாள். மகளை அவள்தான் தோட்டம் தோட்டமாகப் போன் போட்டுத் தேடிக் கண்டுபிடித்தாள். நோட்டு போனதை வேலுச்சாமி மைதானத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். யாரும் திட்டவில்லை. பெயர்களை மறுபடி எழுதப் புது நோட்டு வாங்கியபோது முந்நூற்று நாற்பது பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் போனை எடுப்பதில்லை. கலீலுர் ரஹ்மான் முதல் ஆளாக வந்து எழுதினார்.

இனி சொல்லக்கூடாதது.

அன்றைக்கு இந்தி தெரிந்த சிப்பாய் இல்லை. வேறோர் அதிகாரி இருந்தார். கண்ணாடி போட்டவர், அவசரமில்லாதவர். வேலுச்சாமி படத்தைக் காட்டி "காளியம்மா, ஸ்ரீலங்கா" என்றார். அதிகாரி பழைய தாளை எடுத்து, அன்று தெரியாது என்றாயே, ஏன் என்று விரலால் தட்டிக் கேட்டார். வேலுச்சாமிக்குத் தெரிந்த அரபி சைட் அரபி. அதில் அவருக்கு வேண்டிய சொல் இருந்தது.

"கௌஃப்" என்றார். பயம்.

அதிகாரி அந்தச் சொல்லைத் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் காட்டி, படத்தையும் காட்டி, இவளுக்கு நீங்கள் யார் என்று கேட்டார்.

தங்கை என்று சொன்னால் அவள் நாடு வேறு, எங்கள் நாடு வேறு. சிநேகிதி என்று சொன்னால் அது வேறு வழக்கு. உள்ளதைச் சொன்னால் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். எங்களுக்குத் தெரிந்த ஒவ்வோர் அரபிச் சொல்லும் யாரையாவது உள்ளே தள்ளும். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. என் நல்ல சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

வேலுச்சாமி தமிழில் பதில் சொன்னார், ஒரே ஒரு வாக்கியம். அதை இங்கே எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்துவிட்டேன். இதை யாரெல்லாம் வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த நாற்காலியில் நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ அதையே போட்டுக்கொள்ளுங்கள்.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் வேலுச்சாமியின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாளில் உறவுமுறைக்கான இடம் என்று நான் ஊகிக்கிற கட்டத்துக்குள் வலமிருந்து இடமாக இரண்டு சொல் எழுதினார். தாளை எங்கள் பக்கம் திருப்பி, கீழே விரலை வைத்தார்.

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. முதலில் அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு நான்.