பிடுங்கிய நாற்றுகள்

அழாதவளை ஊர் சும்மா விடாது. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் என் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் எப்போது வரும் என்று குழாயடியில் நிற்பவர்கள் மாதிரி. வரவில்லை. காலையில் வேலைக்குப் போன மனிதர், மதியம் அலுவலக நாற்காலியில் சாய்ந்தவர், அப்படியே போய்விட்டார். போனில் செய்தி சொன்னபோது நான் "சரி" என்றேன். கணவர் செத்ததற்கு எவளாவது "சரி" என்பாளா? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

நான் பல் மருத்துவமனையில் உதவியாள். டாக்டரம்மா ஊசி போட்டதும் ஐந்து நிமிடம் விட்டு, "மரத்துப்போச்சா?" என்று கேட்பது என் வேலை. உட்கார்ந்திருப்பவர் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். இரண்டு மணி நேரத்தில் அவருக்குச் சரியாகிவிடும்.

வீட்டில் மிச்சம் நானும் என் மாமியாரும். எங்களுக்குள் சண்டை இருந்ததில்லை. சண்டை போடவாவது நேருக்கு நேர் பேச வேண்டுமே! பதினொரு வருடமாக எல்லாப் பேச்சும் என் கணவர் வழியாகத்தான். "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, உப்பு தீர்ந்துபோச்சுன்னு." "உங்கம்மாகிட்ட சொல்லுங்க, நேத்தே வாங்கிட்டேன்னு." மூன்று பேரும் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்திருப்போம். அவர் சிரித்துக்கொண்டே பந்தாட்டம் பார்க்கிறவர் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்புவார். இப்போது நடுவில் ஆள் இல்லை.

பத்தாம் நாள் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, அம்மாவை நான் கூட்டிட்டு வந்துடறேன். பசங்களுக்கு லீவு விடட்டும், ரெண்டு மாசம் பொறுத்துக்குங்க." அத்தை பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "அவ என்ன சொல்றாளோ அதுதான்," என்றார் என்னைக் குறித்து, போனைப் பார்த்து. "உங்க இஷ்டம் அத்தை," என்றேன் நான். அத்தை உள்ளே போய்விட்டார். அவர் எதிர்பார்த்தது "இருங்க" என்ற ஒரு சொல். அது எனக்குத் தெரியாமல் இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லாமல் அதைச் சொன்னால் பொய்யாகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

எனக்குத் தூக்கம் வருவதில்லை என்று டாக்டரம்மா எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். ஒரு விதைப் பொட்டலத்தைக் கையில் திணித்தார். கெமோமில். சீமைச்சாமந்தி என்றும் சொல்வார்கள். வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் குமிழுமாகச் சின்னப் பூ. "பூவைக் காயவெச்சு வெந்நீர்ல போட்டுக் குடி. தூக்கம் வருதோ இல்லையோ, வளர்க்கிற வேலையாவது கைக்கு இருக்கும்," என்றார். வீட்டில் பிரித்துப் பார்த்தேன். விதையா தூசியா என்று தெரியவில்லை. ஒரு தும்மல் போட்டால் தோட்டமே காலி.

விதையை மண்மேல் தூவினால் போதும், மூடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் என்று உறையில் எழுதியிருந்தது. சமையலறைக்குப் பின்னால் ஒரு கட்டில் அளவுக்கு மண் உண்டு. அதைக் கொத்திச் சமன் செய்து, பாதிப் பொட்டலத்தைத் தூவிவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தால் மேலே இரண்டு விரல் உயரத்துக்குப் புதுமண், அழகாகத் தட்டி மெழுகியிருந்தது. அத்தை வாசற்படியில் நின்றார். "அம்மணமா கிடந்துச்சு. பார்க்கப் பாவமா இருந்துச்சு. மூடிட்டேன்," என்றார்.

பதினைந்து நாள் தண்ணீர் ஊற்றினோம், ஒரு புல்கூட முளைக்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நான் மண்குடம் என்றும் சொல்லவில்லை, பொன்குடம் என்றும் சொல்லவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மீதி விதையை மணலில் கலந்து தூவி, ஒரு பலகையை வைத்து லேசாக அழுத்தினேன். இந்தத் தடவை அத்தை மூடவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பூனை வந்தால் விரட்டினார், குருவி வந்தால் விரட்டினார், நான் பக்கத்தில் போனால் என்னையும் முறைத்தார். ஒன்பதாம் நாள் கிளினிக்குக்கே போன் வந்தது. எவரோ ஒருவரின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி காதில் வாங்கினேன்.

"வந்துடுச்சு."

"என்ன அத்தை வந்துடுச்சு?"

"பச்சை," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மூன்று வாரத்தில் நாற்று விரல் உயரம் வந்தது. நூல் நூலாக இலை. ஈ நுழைய இடமில்லாத நெருக்கம். ஒரு சாண் இடைவெளி விட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். கிளினிக்கில் ஒதுக்கிப்போட்ட இடுக்கி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு காலையில் உட்கார்ந்து பிடுங்கினேன். எனக்கு அது சுலபமாகத்தான் இருந்தது. பிடுங்கியதைச் சுவரோரம் குவித்துவிட்டு வந்து, டீ குடித்துக்கொண்டிருந்த அத்தையிடம் சொன்னேன். "ஒண்ணு நல்லா வளரணும்னா பக்கத்துல இருக்கறது போய்த்தான் ஆகணும் அத்தை."

இரண்டு பெற்று ஒன்றைப் பறிகொடுத்தவரிடம் இதைச் சொன்னேன். சொன்னது வேலைக்குப் போகும் பஸ்ஸில்கூட உறைக்கவில்லை.

மாலையில் கதவைத் திறந்தால் வீடு முழுக்க நாற்று. டம்ளர், கிண்ணம், மருந்து மூடி, முட்டை அட்டை, வாய் கொப்பளிக்க நான் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த காகிதக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி மண், ஒரு நாற்று. ஜன்னல், அலமாரி, டி.வி. மேல், என் கணவருடைய மேஜைமேல்கூட. குறைந்தது இருநூறு இருக்கும். நகமெல்லாம் மண்ணாக அத்தை தரையில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அத்தை இது?"

"இதுங்களுக்கு என்ன குறைன்னு பிடுங்கின?"

"குறையெல்லாம் இல்ல அத்தை. நெருக்கமா இருந்துச்சு."

"அப்போ எதை வெச்சு இது இருக்கட்டும், இது போகட்டும்னு முடிவு பண்ண?"

நான் யோசித்துப் பார்த்தேன். "எதை வெச்சும் இல்ல. கையில அகப்பட்டதைப் பிடுங்கினேன்."

அத்தை கையிலிருந்த கோப்பையைத் தரையில் வைத்தார். "அவனையும் அப்படித்தான் எடுத்திருப்பாங்க," என்றார். பிறகு அடுத்த நாற்றைக் கையில் எடுத்தார்.

தண்ணீர் குடிக்கலாமென்று போனேன், காலி டம்ளர் ஒன்றுகூட இல்லை. குழாயில் கையைக் குவித்துக் குடித்துவிட்டு, திரும்பி வந்து அவர் எதிரில் உட்கார்ந்து மண் அள்ளிக் கொடுத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

இரண்டே நாளில் பாதிக்குமேல் துவண்டுவிட்டன. மிச்சத்துக்கு அத்தை ஸ்பூனால் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அத்தையைக் கூட்டிப்போக நாத்தனார் வந்தாள். "என்ன அண்ணி, டீக்கடை போடப் போறீங்களா?" என்று சிரிக்கப் பார்த்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். அவள் கண்ணும் வீங்கித்தான் இருந்தது. அண்ணனைப் பறிகொடுத்தவள், அம்மாவையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ள நினைக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பை கட்டியாயிற்று. அத்தை வாசல்வரை போனவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னும் என்னம்மா யோசனை? இங்க உனக்கு யாரு இருக்கா?" என்றாள் நாத்தனார்.

அத்தை குனிந்து ஒரு காலில் செருப்பை மாட்டினார். இன்னொரு காலும் போய்விட்டால் எல்லாம் முடிந்தது. எனக்கு உள்ளே அப்போதும் ஒன்றும் அசையவில்லை. பொய்யா மெய்யா என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமும் இல்லை.

"நான் இருக்கேன்," என்றேன். "போகாதீங்க அத்தை."

அத்தை நிமிர்ந்தார்.

"இதைச் சொல்ல உனக்கு ரெண்டு மாசம் ஆச்சாடி?"

பதினொரு வருடத்தில் அவர் என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மாட்டிய செருப்பை உதறினார். என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அந்தக் கையை எடுக்காமல் அப்படியே சாய்ந்து, மகன் பெயரைச் சொல்லிக் கத்தி அழுதார். நாத்தனாரும் பையைப் போட்டுவிட்டு அழுதாள். எனக்கு மட்டும் வரவில்லை. அத்தை கனமாகத்தான் இருந்தார், கீழே விழாமல் பிடித்துக்கொண்டேன்.