வட்டமில்லாத வளையம்

மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கும் என் அறைக்கு அந்த அம்மா வந்தபோது கையில் ஒரு சிவப்பு இதயம் இருந்தது. நான் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்தது. அவருடைய கணவரின் இதயம், நிஜ அளவில். மறுநாள் காலை சிகிச்சை. படிவத்தில் கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். வீட்டார் போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

"போன வாரம் டாக்டர் ரூம்ல இன்னொருத்தருக்கும் இதே மாதிரி ஒண்ணக் காட்டினாங்க. வர்றவங்களுக்கெல்லாம் ஒரே பொம்மையைத்தான் காட்டுறீங்களா?" என்றார்.

கூட வந்திருந்த கொழுந்தன் சங்கடப்பட்டார். "தக்காளி வாங்கினாலே அண்ணி பத்து தடவ திருப்பிப் பாப்பாங்க சார். இது அண்ணனோட ஹார்ட்டாச்சே."

விளக்கச் சொன்னால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். இருவரையும் உட்கார வைத்துத் தொடங்கினேன். சிடி ஸ்கேன் உடம்பை மெல்லிய துண்டுகளாகப் படம் பிடிக்கிறது. ஒவ்வொரு படத்திலும் இதயம் எது, எலும்பு எது என்று நான் பிரித்துக் கொடுக்கிறேன். கணினி அந்தத் துண்டுகளை அடுக்கி முழு வடிவமாக்கும். பிறகு இயந்திரம் தலைமுடி அளவு மெல்லிய அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் படியவைத்து, பதினொரு மணி நேரத்தில் இதயத்தைக் கட்டி முடிக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு? ஏழு வருடங்களுக்கு முன் அவருடைய கணவருக்கு உலோக வால்வு வைத்திருந்தார்கள். இப்போது அதன் வளையத்துக்குப் பக்கத்தில் தையல் விட்டு, அந்த இடைவெளியில் ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்த ஓட்டையில் ஒரு சின்ன அடைப்பானைப் பொருத்துவார்கள். அடைப்பான் சிறியதாக இருந்தால் நழுவிவிடும். பெரியதாக இருந்தால் வால்வின் இதழில் இடித்து, அதை அசையவிடாமல் செய்துவிடும், உயிருக்கே ஆபத்து. அதனால்தான் மருத்துவர் முன்கூட்டியே இந்த மாதிரியில் பொருத்திப் பார்த்து அளவைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

அந்த அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "ரொம்ப நல்லா விளக்குறீங்க. நல்லா விளக்குறவங்ககிட்டதான் நான் ரெண்டு தடவ பாத்து வாங்குவேன்," என்றார்.

அவர் சைக்கிள் கடை நடத்துகிறவர் என்று கொழுந்தன் சொன்னார்.

இதயத்தின் பக்கவாட்டில், உள்ளே பார்ப்பதற்காக ஒரு ஜன்னல் வெட்டி வைத்திருந்தேன். வால்வின் வளையத்தை மட்டும் வெள்ளையில் அச்சிட்டிருந்தேன். அந்த அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே பார்த்தார். மெதுவாகத் திருப்பி மறுபடி பார்த்தார்.

"இதுல கோட்டம் இருக்கு."

சைக்கிள் சக்கரம் வட்டம் தப்பி நெளிந்திருப்பதைத்தான் கோட்டம் என்பார்கள். அதைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிப்பது அவருக்குத் தினசரி வேலை. என் மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, வளையத்தின் குறுக்களவுக்குச் சரியாக ஒரு துண்டு கிழித்தார். பொருத்திக் காட்டினார், கச்சிதமாக நின்றது. அதையே நெடுக்காகத் திருப்பினார். எட்டவில்லை. ஒரு ஓரத்தில் சுண்டுவிரல் நகம் நுழையும் அளவுக்கு இடம் இருந்தது.

உலோகம் ஸ்கேனில் பளிச்சென்று தெறித்து, இருப்பதைவிடப் பருமனாகத் தெரியும் என்றேன். அது உண்மைதான்.

"வீங்கினா சுத்தியும்ல வீங்கணும்? ஒரு வாட்டத்துல மட்டும் எப்படி? அவர் உள்ள இருக்கிறது உலோகம். ஏழு வருஷத்துல நசுங்கிப் போயிடுமா? இது அவரோடது இல்ல."

எனக்கு இயந்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. அதே நாளில் அச்சிட்ட சோதனைக் கட்டையை எடுத்து மூன்று பக்கமும் அளந்தேன். ஒரு குறையும் இல்லை. பிறகுதான் ஸ்கேன் படங்கள் வந்த குறுந்தகடு ஞாபகம் வந்தது. ஸ்கேன் வெளியே ஒரு மையத்தில் எடுத்தது. வழக்கமாகப் படங்களோடு சேர்ந்தே வரும் அளவுகள் அதில் இல்லாததால், அறிக்கைத் தாளைப் பார்த்து நானே தட்டச்சு செய்திருந்தேன். தாளை எடுத்தேன். துண்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர். அதற்கு அடுத்த வரி: துண்டுகளுக்கு இடையிலான தூரம் 0.8.

கூரை ஓடுகள் போல ஸ்கேன் துண்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியே இருக்கும். நான் தடிமனையே தூரமாகப் போட்டு, ஏறாமல் அடுக்கியிருந்தேன். ஐந்து துண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் கூடுதல். அகலம் சரி, தலையிலிருந்து கால் நோக்கிய வாட்டத்தில் மட்டும் இதயம் நீண்டுவிட்டது. வளையம் நீண்டது. பக்கத்திலிருந்த ஓட்டையும் நீண்டது.

"உங்க வீட்டுக்காரரோடதுதாம்மா. நான்தான் இழுத்து நீட்டிட்டேன்," என்றேன்.

"இப்ப சொல்றத மட்டும் எப்படி நம்புறது?"

மருத்துவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. எடுத்து வைத்திருந்த அடைப்பானைப் பெட்டியில் திரும்பப் போட்டு, சிகிச்சையை இரண்டு நாள் தள்ளிவைத்தார்.

மறுநாள் மதியம் புதிய இதயத்தோடு காத்திருந்தேன். அந்த அம்மா பர்ஸிலிருந்து அதே காகிதத் துண்டை எடுத்தார். குறுக்கே வைத்தார், நின்றது. நெடுக்கே வைத்தார், நின்றது. சாய்த்தும் ஒருமுறை வைத்துப் பார்த்தார். மருத்துவர் இதில் பார்த்து இரண்டு அளவு சிறிய அடைப்பானை எடுத்திருக்கிறார் என்றேன். அதை மருத்துவர் வாயாலேயே கேட்டுவிட்டு வந்துதான் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

கொழுந்தன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கிளம்பவில்லை. என் அலமாரியில் இருந்த மற்ற இதயங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவருக்கு உள்ள ஒரு வளையம் இருந்துச்சு, தப்பு மாட்டிக்கிச்சு. வளையமே இல்லாதவங்களுக்கு?"

அவற்றில் இரண்டு, அதே ஸ்கேன் மையத்தின் குறுந்தகடுகளை வைத்து, நானே அளவுகளைத் தட்டச்சு செய்து அச்சிட்டவை. ஒன்றுக்கு வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. இரண்டிலும் உலோகமே கிடையாது; அவை நீண்டிருந்தாலும் பார்க்கிற யாருக்கும் தெரியாது.

"அதெல்லாம் கவனமாத்தான் போட்டிருப்பேன்," என்றேன்.

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நான் வியாழக்கிழமைக்காரரின் தாளை எடுத்தேன். இந்த முறை இரண்டாவது வரியை முதலில் படித்தேன்.